கனடாப் பெரியப்பாவைக் கோல்ஃப் களத்துக்குக் கூட்டிப் போவது எப்படி? கிளிநொச்சியில் இருந்து ஒரு பயணத் திட்டம்

கிளிநொச்சித் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: கனடாவிலிருந்து ஓகஸ்ட் மாதம் வரும் பெரியப்பா அங்கே வாராவாரம் கோல்ஃப் ஆடுகிறவராம். "ஊரிலே வடிவான களம் ஒண்டு பார்த்து வை பிள்ளை, எல்லாரும் போவம்" என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் ஒருவரும் கோல்ஃப் களத்துக்குள் கால் வைத்ததில்லை. எங்கே போவது, எத்தனை நாள் வேண்டும், விளையாடாத பெரியம்மாவும் பிள்ளைகளும் அங்கே என்ன செய்வது?

நான் வவுனியாவில் வான் ஓட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் எங்களுடைய ஆட்களை மட்டைப் பையோடு பல தடவை ஏற்றிப் போயிருக்கிறேன். அதற்கு முதலே இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் இருந்தது. அப்பா நுவரெலியாக் களத்தில் கெடி. ஆடுபவரின் மட்டைகளைச் சுமந்துகொண்டு, எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டு கூடவே நடப்பவரைத்தான் கெடி என்பார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். திகனைக்குப் போங்கள். கண்டியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றரில், ரஜவெல்லவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது அந்தக் களம். ஒரு இரவு அங்கேயோ கண்டியிலோ தங்குங்கள். விடியற்காலையில் ஆட்டத்தைத் தொடங்குங்கள். பெரியப்பாவைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் கடைத்தெருவுக்குப் போகாமல், முடிந்தவர்கள் எல்லோரும் அவரோடு நடவுங்கள். இந்தக் கடைசி வசனத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஏன் என்று பிறகு வருகிறேன்.

வன்னிக்குள் நாங்கள் போய் ஆடக்கூடிய களம் எதுவும் இல்லை. வவுனியாவுக்குக் கிட்ட என்று பார்த்தால் அனுராதபுரத்திலும் திருகோணமலைச் சீனக்குடாவிலும் விமானப்படை நடத்தும் களங்கள் இருக்கின்றன. சீனக்குடா வடிவில் குறைந்ததில்லை. உள்துறைமுகத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் அதே பகுதிதான். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய 100 கிலோமீற்றர், ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் அது படையினரின் வளாகம். வாசலில் அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் கேட்பார்கள், எங்கே படம் எடுக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வாசலில் வரிசையில் நிற்பதே மனதுக்குப் பாரமாக இருக்கும். அதைப் பற்றி பெரியம்மாவிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெரியப்பா "பரவாயில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. காற்றும் ஒரு காரணம். ஓகஸ்ட் மாதம் அந்தக் கரையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக அடிக்கும். காலை பத்து மணிக்குப் பிறகு மண் கொதிக்கும். அறுபது வயது தாண்டியவர் நாலு மணித்தியாலம் நடக்கிற விளையாட்டுக்கு அது தோதில்லை.

கொழும்புக் களம் 1879இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. களனிவெளி ரயில் பாதை களத்தை ஊடறுத்துப் போகும், பிள்ளைகள் அதை ரசிப்பார்கள். ஆனால் அது அங்கத்தவர்களின் கழகம், நகரத்துக்கு நடுவே. பெரியப்பாவுக்குக் கொழும்பில் உறவினர் இருந்தால் திரும்பிப் போகிற நாளில் கேட்டுப் பார்க்கலாம். அம்பாந்தோட்டைக் களம் 2016இல் திறந்தது, கடற்கரை ஓரம். கிளிநொச்சியில் இருந்து பார்த்தால் அது நாட்டின் மறு முனை. அந்தத் தூரத்துக்கு ஒரு நாள் ஆட்டம் காணாது.

இனித் திகனை. 1999இல் திறந்த களம். டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. 18 குழி, பார் 73. பார் என்றால், நன்றாக ஆடுகிற ஒருவர் எல்லாக் குழியையும் முடிக்க எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை. அதை விடக் குறைந்த அடியில் முடித்தால் கெட்டிக்காரர். பழைய தென்னந்தோட்டம் அது. இப்போதும் தென்னை நிற்கிறது. ஒரு பக்கம் நீர்த்தேக்கம், எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர். காலை வெளிச்சம் மலையில் இருந்து இறங்கித் தண்ணீரைத் தொடுகிற நேரம் நான் பல தடவை வான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்தத் தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் கட்டிய விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். இடம்பெயர்ந்த ஊர் என்றால் என்ன என்று எங்களுடைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. "இதுக்குக் கீழே ஒரு ஊர் இருக்குது" என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அவர்கள் தண்ணீரைப் பார்க்கிற விதமே மாறிவிடும்.

ஓகஸ்ட் மாதத்தில் கவனிக்க வேண்டியது கண்டிப் பெரஹரா. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நாள் பார்த்து வரும். அந்தப் பத்து நாளும் கண்டியில் அறை கிடைப்பது கஷ்டம், பின்னேரத்தில் வீதிகளை மூடுவார்கள். பெரஹரா நாட்களை முதலில் பாருங்கள், அதற்கு முன்னோ பின்னோ நாளைக் குறியுங்கள். வார நாளாக இருந்தால் நல்லது. சனி, ஞாயிறு, போயா நாட்களில் களத்தில் ஆள் கூட. மழையைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். சோழகக் காலத்தில் தென்மேற்குக் காற்று கொண்டு வரும் மழையின் பெரும் பங்கை மேற்குப் பக்கத்து மலைகளே வாங்கிவிடும். திகனைப் பக்கம் அந்த மாதங்களில் ஒப்பீட்டளவில் காய்ந்திருக்கும்.

நாளைக் குறித்தவுடன் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு முறை ஒரு களத்துக்கு (பெயர் வேண்டாம்) கூப்பிடாமலே ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனேன். அன்றைக்குப் போட்டி. வெளியாட்கள் ஆட முடியாது என்று வாசலில் சொன்னார்கள். இலண்டனில் இருந்து மட்டைகளைக் கட்டிச் சுமந்து வந்த அண்ணர் ஒரு சொல் சொல்லவில்லை. வானில் ஏறி இருந்து கையுறையை மடித்துப் பையில் வைத்தார். அந்த மடிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றையிலிருந்து நான் இரண்டு முறை கூப்பிடுவேன்: நாள் குறிக்கும்போது ஒரு முறை, முதல் நாள் பின்னேரம் ஒரு முறை.

கூப்பிடும்போது கேட்க வேண்டியவை: அன்றைக்குப் போட்டி ஏதும் உண்டா, விடியத் தொடங்கும் முதல் நேரம் எது, களக் கட்டணத்துக்குள் கெடியின் கூலி அடங்குமா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு வேறு கட்டணமா, மட்டையும் சப்பாத்தும் வாடகைக்கு இருக்கிறதா, ஆடாதவர்கள் கூட நடக்கலாமா. கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். பல இடங்களில் கேட்டால் விடுவார்கள், கேட்காமல் போனால் தேநீர்ச் சாலையோடு நிறுத்திவிடுவார்கள்.

மட்டைகளைக் கனடாவிலிருந்து கொண்டு வருவதா என்று பெரியப்பா யோசிப்பார். ஒரே ஒரு நாள் ஆட்டம் என்றால் வேண்டாம், வாடகைக்கு எடுக்கலாம் என்பேன். விதிப்படி ஒருவர் 14 மட்டை வரை வைத்திருக்கலாம். பையோடு சேர்ந்தால் அது ஒரு ஆளின் நெஞ்சு உயரத்துக்கு வரும் பாரமான சாமான், வானின் பின் இருக்கை ஒன்றை விழுங்கிவிடும். கையுறையும், கால் பழகின சப்பாத்தும், ஒரு டசின் பந்தும் கொண்டு வந்தால் போதும். சப்பாத்தை மட்டும் வாடகைக்கு நம்பிப் போக வேண்டாம். கால் கடித்தால் ஏழாவது குழியோடு ஆட்டம் முடிந்துவிடும்.

உடுப்பு: ஆடுபவர் கொலர் வைத்த சேர்ட் போட வேண்டும். ஜீன்ஸ் கூடாது. பெனியன், பாட்டா செருப்பு கூடாது. கூட நடப்பவர்களுக்கு அவ்வளவு கட்டாயம் இல்லை. பெரியம்மா சேலையோடு நடக்கலாம், ஆனால் குதி உயர்ந்த செருப்பு மட்டும் வேண்டாம். குழி இருக்கிற அந்தப் பச்சைப் பரப்பை கிறீன் என்பார்கள், அதில் குதி ஏறினால் குழிவு விழும், பந்து ஓடுகிற வழி கெடும். தட்டையான கன்வஸ் சப்பாத்து எல்லோருக்கும் நல்லது.

கிளிநொச்சியில் இருந்து கண்டி 250 கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஏ9 வீதியிலேயே. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு, வவுனியா தாண்டி மதவாச்சிப் பக்கம் காலைச் சாப்பாடு. புட்டோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போங்கள். தம்புள்ளைக்குப் பிறகு வீதி மலைப்பாங்காக மாறும், மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிடலாம். மாத்தளையில் இருந்து வத்தேகம வழியாகத் திரும்பினால் கண்டி நகரத்து நெரிசலுக்குள் போகாமலே திகனைப் பக்கம் வந்துவிடலாம். வீதி ஒடுக்கம்தான், ஆனாலும் எனக்கு அதுதான் பிடித்த வழி. பின்னேரம் போய்ச் சேர்ந்து, களத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் படுங்கள். போன அன்றைக்கே ஆட வேண்டாம். விமானக் களைப்பும் வான் களைப்பும் சேர்ந்தால் பெரியப்பாவின் முதுகு ஒத்துழைக்காது.

அடுத்த நாள் ஆறரைக்கே களத்தில் நிற்க வேண்டும். புல்லில் பனி இருக்கும். அந்த நேரத்தில் கிறீனில் பந்து உருண்டால் பின்னால் ஒரு கோடு விழும், பனியைத் துடைத்துக்கொண்டு போன தடம். ஏழரை எட்டு மணிக்குள் அது மறைந்துவிடும். முதல் மூன்று நாலு குழியில்தான் காணலாம். பிள்ளைகளைக் குந்தியிருந்து பார்க்கச் சொல்லுங்கள்: பந்து நேராகப் போவது போலத் தெரியும், தடத்தைப் பார்த்தால் வளைந்திருக்கும்.

அந்த வளைவுதான் கெடியின் படிப்பு. அப்பாவை 2011இல் நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். களத்து ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு இளம் கெடி குந்தி, ஒரு கண்ணை மூடி, சரிவு பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா எனக்குச் சொன்னார், "கண்ண மூடுறதுல ஒண்ணும் இல்லப்பா. அந்த எடத்துல ஒரு வாளி தண்ணி ஊத்துனா எந்தப் பக்கம் ஓடும்னு பாரு. பந்தும் அங்கதான் போகும்." வவுனியாவில் வந்து வயல் செய்து பழகிய மனிதர். வரம்பு கட்டும்போதும் அதே கண்ணால்தான் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதனால்தான் எல்லோரும் நடவுங்கள் என்கிறேன். இது பணக்காரர் விளையாட்டு, எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று வானிலேயே இருந்துவிடுகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். ஆனால் மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே பார்க்க நிறைய உண்டு. பரந்தன் பக்கத்து விவசாயி ஐயா ஒருவர், மருமகனோடு வந்தவர், 18 குழியும் நடந்தார். ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. வாய்க்கால் எங்கே வெட்டியிருக்கிறது, தண்ணீர் எங்கே வடிகிறது, புல் ஏன் இந்த இடத்தில் மஞ்சள் என்று கெடியிடம் கேட்டுக்கொண்டே வந்தார். கிறீனுக்கு அடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று என்னிடமும் கேட்டார். பொதுவாக அடியில் 10 சென்ரிமீற்றர் சரளைக்கல், அதற்கு மேல் 30 சென்ரிமீற்றர் மணல் கலவை, அதற்கு மேல்தான் புல். சில மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒவ்வொரு நாளும் வெட்டுவார்கள். "அப்ப மழை நிண்ட உடனே விளையாடலாம்" என்றார். அதுவேதான் காரணம். இவ்வளவு தண்ணீரையும் புல்லுக்கு விடுவது சரியா என்று அவர் கேட்டபோது எனக்கும் மனதில் முள் குத்தியது. இரணைமடுவில் இருந்து தண்ணீர் வருகிற நாளை எண்ணிக்கொண்டு விதைக்கிறவர் கேட்கிற கேள்வி அது. பிள்ளைகள் கேட்டாலும் மழுப்ப வேண்டாம், கெடியிடமே கேட்கச் சொல்லுங்கள்.

நடக்கிறவர்கள் நாலைந்து பழக்கம் தெரிந்திருந்தால் போதும். பெரியப்பா பந்துக்கு முன்னால் நின்றவுடன் எல்லோரும் அசையாமல், கதைக்காமல் நிற்க வேண்டும், கைத்தொலைபேசியின் சத்தத்தை நிறுத்த வேண்டும். அவருக்குப் பின்னால் நேராக நிற்கக் கூடாது, மட்டை சுழலும். கிறீனில் பந்துக்கும் குழிக்கும் இடையே உள்ள வழியில் மிதிக்கக் கூடாது. கிடக்கிற பந்தைப் பிள்ளைகள் எடுக்கக் கூடாது. வழியில் அனாதையாகக் கிடப்பது போலத் தெரிகிற பந்து பக்கத்துப் பாதையில் ஆடுகிறவருடையதாக இருக்கும். "ஃபோர்!" என்று எங்கிருந்தாவது சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனியுங்கள். பந்து 46 கிராமுக்கும் குறைவுதான், ஆனால் வருகிற வேகத்துக்கு அது கல். பற்றைக்குள் போன பந்தைக் கையை விட்டுத் தேட வேண்டாம். ஏன் என்று வன்னிப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

18 குழிக்கு நாலு, நாலரை மணித்தியாலம் பிடிக்கும். நடை ஏழு கிலோமீற்றரை எட்டும், மேடு பள்ளத்தோடு. பெரியம்மாவுக்கு முழங்கால் நோவு என்றால் முதல் ஒன்பது குழியோடு திரும்பி வந்து மண்டபத்து விறாந்தையில் இருக்கலாம். சிறுவர்களுக்கும் ஒன்பது போதும். மிச்ச நேரத்தில் பயிற்சித் திடலில் ஒரு வாளிப் பந்து வாங்கி அடித்துப் பார்க்கட்டும். முதல் பத்து அடியில் மட்டை காற்றைத்தான் வெட்டும், பதினோராவது பந்து எழும்பிப் போகும்போது அவர்கள் போடுகிற கூச்சல் பெரியப்பாவுக்குப் பத்தாவது குழி வரை கேட்கும். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், தொப்பி, உப்புப் பிஸ்கட், தோடம்பழம் எடுத்துக்கொண்டு போங்கள். வழியில் செவ்விளநீர் கண்டால் முதல் நாளே வாங்கி வையுங்கள். கனடாவில் இருந்து வருகிறவருக்கு எங்களுடைய வெயில் மறந்து போயிருக்கும், தாகம் எடுக்க முதலே குடிக்க வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் நுவரெலியாவுக்கு ஏறுங்கள். கண்டியில் இருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக 80 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 1889இல் ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவொன்று தொடங்கிய களம், நகரத்துக்கு நடுவிலேயே, பீதுருதாலகால மலையின் கீழே. உயரம் 1,800 மீற்றருக்கு மேல், காற்று மெல்லியது, பந்து வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடத் தூரம் போகும். பெரியப்பா அதை உணர்வார். ஆனால் ஓகஸ்டில் அங்கே பின்னேர மழையும் பனிப்புகாரும் உண்டு. காலை ஆட்டம் மட்டும், கம்பளிச் சட்டையோடு. நல்ல மாதம் என்றால் மாசி, பங்குனி. சித்திரையில் போகவே வேண்டாம், ஊர் முழுக்க அங்கேதான் நிற்கும். பாதைகள் ஒடுக்கம், இரு பக்கமும் மரம். திகனை போல விரிந்த காட்சி இல்லை. ஆனாலும் அங்கே கெடிகளில் எங்களுடைய மலையக ஆட்களைக் காண்பீர்கள். தமிழில் கதைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை இருந்தால், அதற்கு நுவரெலியாதான்.

எந்தக் களத்துக்குப் போனாலும் கெடியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் ஏழாம் நம்பர் மட்டையை நீட்டும்போது பெரியப்பா ஒன்பதாம் நம்பரை எடுக்காமல் ஒரு தரம் அவர் சொல்லைக் கேட்டுப் பார்க்கட்டும். அந்த மண்ணில் தினம் நடப்பவர் அவர். இடைவேளையில் உங்களுடைய சாப்பாட்டில் அவருக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். கடைசிக் குழி முடிந்ததும் கொடுக்க நினைக்கிற காசை அலுவலகத்தில் கொடுக்காமல் அவர் கையில் கொடுங்கள். கொண்டு வந்த பந்துகளில் மிஞ்சுவதையும் அவரிடமே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அப்பாவிடம் அப்படி ஒரு துரை விட்டுப் போன மூன்று பந்து இருந்தது. மலையை விட்டு வரும்போது அம்மா கட்டிய மூட்டைக்குள் அரிசியோடு அதையும் போட்டுக்கொண்டுதான் வந்தார். ஒன்று இப்போதும் வவுனியா வீட்டில் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.